விழுந்த கை எழ வேண்டும்!

பக்கவாதத்தில் கை விழுந்தால் உழைப்பாளிக்குப் பிழைப்பே விழுந்துவிடுகிறது. அந்தக் கையை மீட்க இன்று மெய்நிகர்க் கருவிகள் வந்துள்ளன. திரையில் தெரியும் பந்தைப் பிடிக்க நோயாளி கையை நீட்டுகிறார். திரும்பத் திரும்பச் செய்யும்போது, மூளையின் சேதமடையாத பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்கின்றன. விஞ்ஞானத்தின் இந்த முன்னேற்றத்தை வரவேற்கிறோம்.

ஆனால், கருவி வாங்கினால் போதும் என்ற வியாபாரப் பிரசாரத்தை ஏற்பதற்கில்லை. கனடா, ஆர்ஜெண்டினா, பெரு, தாய்லாந்து நாடுகளில் 141 நோயாளிகளிடம் நடந்த பரிசோதனையின் முடிவு 2016இல் வெளியாயிற்று. வழக்கமான சிகிச்சையுடன் ஒரு சாரார் திரை விளையாட்டு ஆடினர். மறு சாரார் சீட்டும் பந்தும் ஆடினர். இரு சாராரின் கையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தேறியது! 190 ஆய்வுகளைத் தொகுத்த 2025ஆம் ஆண்டு காக்ரேன் அறிக்கை, கருவியால் சற்றே கூடுதல் பலன் உண்டு என்கிறது. வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துக் கொடுக்கும்போது பலன் மேலும் கூடுகிறது.

ஆக, கையை மீட்பது இடைவிடாத பயிற்சி. அதற்கு நேரம் வேண்டும். கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். கூலியிழந்த தொழிலாளி, துணைக்கு வரும் மனைவியின் கூலியையும் இழந்து எத்தனை நாள் ஆஸ்பத்திரிக்கு வருவார்? தமிழ்நாட்டில் 2021இல் துவக்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இயன்முறைச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டு சென்றது. அதுவே சரியான பாதை.

ஆகவே சர்க்காரைக் கோருகிறோம்: தாலுகா ஆஸ்பத்திரிகள்தோறும் போதிய இயன்முறைச் சிகிச்சையாளர்களை நிரந்தரமாக நியமிக்க வேண்டும்! சிகிச்சைக் காலத்தில் நோயாளியின் குடும்பத்துக்கு உதவித்தொகை வழங்க வேண்டும்! கருவிகளும் வரட்டும், ஆனால் அவை ஏழையின் கைக்கும் எட்டட்டும்!