காதுக்குள் பேசும் குரல்கள்

வீடியோ விளையாட்டு என்றதுமே நம் பெற்றோர் பலர் முகம் சுளிக்கின்றனர். சுடுவதும் வெட்டுவதும் அன்றி அதில் வேறென்ன உண்டு என்பது அவர்கள் கேள்வி. பல விளையாட்டுகளைப் பொறுத்தமட்டில் அக்கேள்வி நியாயமானதே. ஆயினும், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள நிஞ்சா தியரி நிறுவனம் 2017-இல் வெளியிட்ட 'ஹெல்பிளேட்' என்னும் விளையாட்டைப் பற்றி நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம். 'செனுவாவின் பலி' என்று பொருள்படுவது அதன் துணைத்தலைப்பு.

செனுவா பண்டைய ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பெண். வைக்கிங்குகளால் கொலையுண்ட காதலனின் ஆன்மாவை மீட்கப் பாதாளத்திற்குப் புறப்படுகிறாள். அவளோ மனநோயாளி. ஒரு குரல் அவளை ஏளனம் செய்கிறது, இன்னொன்று அஞ்சி நடுங்குகிறது, மற்றொன்று தேற்றுகிறது. மனிதத் தலைபோல் இரு செவிகள் அமைந்த ஒலிவாங்கியைச் சுற்றி வந்து நடிகையர் பேச, அதனைப் பதிவு செய்தனர். ஹெட்ஃபோன் அணிந்தவருக்கு அக்குரல்கள் தம் தோளருகே கிசுகிசுப்பனபோல் கேட்கும். பின்னால் எதிரி வருகையில் எச்சரிப்பதும் அவையே. ஆதலால் அவற்றை முற்றிலும் வெறுக்கவும் இயலாது! மனநலப் பேராசிரியர் பால் ஃபிளெட்சரும், அந்நோயை அனுபவித்தவர்களும் ஆலோசனை வழங்கியதால் இவ்வுண்மைத்தன்மை வாய்த்தது.

செனுவாவாக நடித்த மெலினா யூர்கன்ஸ் தொழில்முறை நடிகை அல்லர், அந்நிறுவனத்தின் படத்தொகுப்பாளர். சோதனைப் பதிவுக்காக நிறுத்தப்பட்டவர், வேடத்தையே பெற்று, 2018-இல் நடிப்புக்கான பாஃப்டா விருதையும் வென்றார்.

செனுவாவின் தாய்க்கும் குரல்கள் கேட்டன. அதைச் சாபமென்று கருதிய தந்தை மனைவியை எரித்துக் கொன்றார். மகளை அடைத்து வைத்தார். இது பழங்கதைதானே என்று நாம் ஒதுக்கிவிட முடியுமா? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் மாண்டனர். நம் திருத்தலங்களுக்கும் 'பேய் பிடித்தவர்' என்று அழைத்து வரப்படுவோர் உண்டு. அவர்களுள் எத்தனை பேர் மருத்துவரைக் கண்டிருப்பர்? நோயாளிக்கு இரங்குங்கள் என்று மறையுரையில் பன்முறை கேட்டிருக்கிறோம். அந்நோயாளியின் செவியில் என்ன ஒலிக்கிறது என்பதை இவ்விளையாட்டு நம்மைக் கேட்க வைக்கிறது. கதை முடிவிலும் அக்குரல்கள் ஓய்வதில்லை. அவற்றோடு வாழவே அவள் கற்றுக்கொள்கிறாள்.

ஐரோப்பாவில் இது 18 வயது நிறைந்தோர்க்கே உரியதெனத் தரப்படுத்தப்பட்டுள்ளது. குருதியும் கொடூரமும் மிகுதி, சிறுவர்க்குத் தரவேண்டாம். வயதுவந்த மகனோ மகளோ இதை விளையாடினால், பெற்றோரும் அருகமர்ந்து சற்று நேரம் அந்த ஹெட்ஃபோனை வாங்கி அணிந்து கேட்கலாம்.