நான்காவது தசமத்தின் பக்தர்கள்

பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வேடு ஒன்றைப் புரட்டினால் இப்படியொரு வரி கண்ணில் படும்: நாற்றின் உலர் எடை 0.4127 ± 0.0893 கிராம், மூன்று தொட்டிகளின் சராசரி. (எண்கள் மாதிரிக்கு நான் எழுதியவை, யாருடைய தீசிஸிலிருந்தும் எடுத்தவை அல்ல.) பார்த்தவுடன் ஒரு மரியாதை வரும். கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை அளந்திருக்கிறார்களே! ஆனால் ± குறிக்குப் பின்னால் இருப்பதையும் சேர்த்துப் படியுங்கள். தொட்டிக்குத் தொட்டி இருக்கும் வித்தியாசம் முதல் தசமத்தையே ஆட்டிக்கொண்டிருக்கிறது. முதல் படியே ஆடும்போது நான்காவது படியில் ஏறி நின்று போஸ் கொடுப்பதைத் துல்லியம் என்று என்னால் சொல்ல முடியாது.

நான் தாவரவியல் படித்தவன் இல்லை. மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆய்வு செய்யும் நண்பர்களுக்கு அவர்களுடைய தரவை அட்டவணையாக்க பைத்தானில் நாலு வரி எழுதித் தருவதுண்டு. எண்களை நான் வட்டமாக்கிக் கொடுத்தால் உடனே பதில் வரும்: “அண்ணா, நாலு டெசிமலும் இருக்கட்டும், கைடு கேப்பாரு.” கணினியில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். அந்தக் கடைசி 4-ஐ எந்த இன்ஜினியரும் கண்டுபிடிப்பு என்று கொண்டாட மாட்டான். வெட்டி எறிந்துவிட்டு 0.3 என்று எழுதுவான். அதே கடைசி இலக்கம் தராசின் திரையில் வந்துவிட்டால் மட்டும் ஏன் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம்?

முதலில் அந்தத் தராசுக்கு நியாயம் செய்துவிடலாம். நல்ல லேப் தராசு ஒரு அற்புதம்தான். தட்டுக்குக் கீழே ஒரு காந்தம், அதன் புலத்தில் ஒரு கம்பிச் சுருள். தட்டில் எதை வைத்தாலும், இறங்கப் பார்க்கும் தட்டை அதே இடத்தில் தாங்கிப் பிடிக்க எவ்வளவு மின்னோட்டம் தேவைப்படுகிறது என்று பார்த்து, அதைக் கிராமாக்கிக் காட்டுகிறது. அதாவது அது உணர்வது நிறையை அல்ல, விசையை. அதனால்தான் அதற்கு இவ்வளவு கூச்சம். மின்விசிறிக் காற்று, ஏசியின் மூச்சு, பக்கத்து மேசையில் சுற்றும் சென்ட்ரிஃப்யூஜ், பிளாஸ்டிக் தட்டில் ஏறிய நிலைமின்சாரம், பட்டர் பேப்பரின் ஓரம் கண்ணாடிக் கதவில் உரசுவது என எல்லாமே அதற்கு எடைதான். தரைத்தளத்தில் அளவுதிருத்தம் செய்த தராசைப் பத்து மீட்டர் உயரத்திலுள்ள மாடிக்குத் தூக்கிப் போய், திரும்பத் திருத்தாமல் 200 கிராம் எடைக்கல்லை வையுங்கள். சுமார் 0.6 மில்லிகிராம் குறைத்துக் காட்டும். ஏனென்றால் மேலே போகப் போகப் புவியீர்ப்பு குறைகிறது. கடைசி இலக்கத்தில் ஆறு எண் காணாமல் போய்விட்டது. கல் அதே கல்தான்.

இனி இந்தக் கூச்சக்காரத் தராசின் மேல் ஒரு இலையை வைக்கிறோம். பச்சை இலை நொடிக்கு நொடி நீரை இழக்கிறது. ஓவனிலிருந்து எடுத்த இலையைச் சூட்டோடு வைத்தால், மேலெழும் வெப்பக் காற்று அதை லேசாக்கிக் காட்டும். ஆறவிட்டு வைத்தால், அறைக் காற்றின் ஈரத்தைக் குடித்து எடை கூடிக்கொண்டே போகும். சிலிக்கா ஜெல் போட்ட டெசிக்கேட்டரில் ஆறவைத்து, எடுத்த வேகத்தில் நிறுக்க வேண்டும் என்பது அதற்காகத்தான். கடற்கரை ஊரின் நவம்பர் மாத ஈரத்தில் திறந்து வைத்த டெசிக்கேட்டரும், நிறம் மாறிப்போன சிலிக்கா ஜெல்லும் இருக்கும் லேபில் எந்த நொடியின் நான்காவது தசமத்தை எழுதுவீர்கள்?

“அட, கூட ரெண்டு இலக்கம் இருந்தா என்ன கெட்டுப்போச்சு?” என்று கேட்பார்கள். கெட்டுப்போகிறது. மேலே சொன்ன மாதிரி வரிக்கே வருவோம். அந்த 0.0893 என்பது மூன்று செடிகளுக்கு இடையிலான சிதறல். அதே நாற்றுகளை இரண்டே தசமம் காட்டும் சாதாரணத் தராசில் நிறுத்திருந்தாலும் அந்தச் சிதறல் ஏறத்தாழ அப்படியேதான் இருந்திருக்கும். தராசின் கரடுமுரடு செடிகளின் வேறுபாட்டுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. சராசரியின் நிச்சயமின்மை அந்தச் சிதறலை மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது, சுமார் 0.05. அதைப் பாதியாக்க நான்கு மடங்கு தொட்டிகள் வேண்டும், அதாவது பன்னிரண்டு. அதற்குத் தேவை மண், தண்ணீர், இடம், ஒரு ஆளின் உழைப்பு. விலையுயர்ந்த கருவி அல்ல. ஆனால் தராசு வாங்கினால் திறப்பு விழா நடத்தலாம். ஒன்பது தொட்டி கூடுதலாக வைத்ததற்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்?

ஐரோப்பாவில் 17-ஆம் நூற்றாண்டில் யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட் செய்த வில்லோ மரச் சோதனை பள்ளிப் பாடங்களிலேயே வருவதுதான். 200 பவுண்டு உலர்ந்த மண், 5 பவுண்டு கன்று, ஐந்து வருடம் மழைநீர். கடைசியில் மரம் 169 பவுண்டும் சுமார் 3 அவுன்ஸும். மண்ணில் குறைந்தது ஏறத்தாழ 2 அவுன்ஸ். மரம் முழுக்கத் தண்ணீரிலிருந்தே வந்தது என்று முடிவு கட்டினார். ‘கேஸ்’ என்ற சொல்லையே உருவாக்கியவர், காற்றை மறந்துவிட்டார். அவர் இறந்த பிறகு 1648-இல் இது புத்தகமாக வந்தது. அவர் கையில் இன்றைய நான்கு தசமத் தராசு இருந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா? மாறியிருக்காது. அந்த 2 அவுன்ஸைத் தராசு காட்டத்தான் செய்தது. அது எங்கே போனது என்று கேட்கும் கேள்விதான் இல்லை. மண்ணின் தாதுக்கள் அந்தக் குறைவுக்குள் இருந்தன.

நுண்ணளவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது தேவைப்படும் இடத்தில் வெறும் இலக்கம் போதாது, மூளையும் வேண்டும். திசு வளர்ப்பில் உலகமெங்கும் பயன்படும் முராஷிகே–ஸ்கூக் ஊடகம் 1962-இல் வந்தது. அதில் ஒரு லிட்டருக்குக் காப்பர் சல்ஃபேட் 0.025 மில்லிகிராம். நான்கு தசமத் தராசின் மிகச்சிறிய படியே 0.1 மில்லிகிராம். அந்தத் தராசால் நேரடியாக இதை நிறுக்கவே முடியாது. பிறகு எப்படிச் செய்கிறார்கள்? 25 மில்லிகிராமை நிறுத்து, 100 மில்லிலிட்டர் நீரில் கரைத்து, அதில் 0.1 மில்லிலிட்டர் எடுத்துச் சேர்க்கிறார்கள். அராபிடாப்ஸிஸ் விதை ஒன்று சுமார் 20 மைக்ரோகிராம். ஒற்றை விதையோடு மல்லுக்கட்டாமல் ஆயிரம் விதையை எண்ணி நிறுத்து வகுத்துக்கொள்கிறார்கள். கருவியின் எல்லை தெரிந்தவர் செய்யும் வேலை இது. எல்லை தெரியாதவர் திரையில் தெரிவதையெல்லாம் காப்பி அடிக்கிறார்.

இதில் எனக்கு வரும் கோபம் மாணவர்கள் மேல் அல்ல. தெருமுனைக் காய்கறிக்கடைத் தராசுக்கு இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி குறித்த காலத்துக்கு ஒருமுறை சரிபார்த்து முத்திரை வைக்க வேண்டும். தக்காளி வாங்குகிறவருக்குக் கிடைக்கும் அந்தப் பாதுகாப்பு ஆய்வு மாணவருக்கு இல்லை. நான் பார்த்த லேப்களில் தராசு ஆடும் மர மேசைமேல் இருந்தது. ரசமட்டத்தின் குமிழி ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தது. சோதனை எடைக்கல் எங்கே என்று கேட்டால் பீரோ சாவி யாரிடம் என்ற விசாரணை தொடங்கியது. ஆயுத பூஜைக்கு மட்டும் சந்தனமும் குங்குமமும் தவறாமல் வைத்திருந்தார்கள். வாங்க நிதி உண்டு, பராமரிக்கத் தலைப்பு இல்லை. தப்பான எண்ணோடு வைவாவுக்குப் போய் நிற்பது மட்டும் ஸ்காலர். அதே எண்ணை நம்பி அடுத்த ஸ்காலர் தன் மூன்று வருடத்தை முதலீடு செய்கிறார். வறட்சி தாங்கும் ரகம் என்று அந்த அட்டவணை சொன்னதை நம்பி யாராவது வயலில் இறங்கினால் அவருக்கும் சேர்த்துத்தான் நஷ்டம்.

என் கோரிக்கைகள் சிறியவை. அசையாத ஒரு கல் மேசை. தினமும் காலையில் ஒரு சோதனை எடைக்கல்லை வைத்து, வந்த எண்ணை எழுதிவைக்க ஒரு நோட்டு. புதிய தராசுக்கு முன்னால் கூடுதல் தொட்டிகள். அட்டவணையில் செடி அனுமதிக்கும் அளவுக்கு மட்டும் இலக்கங்கள். 0.41 ± 0.05, மூன்று தொட்டி என்று எழுதினால் வரி ஏழையாகத் தெரியும்தான். ஆனால் படிக்கிறவருக்கு எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று அந்த வரியே சொல்லிவிடும். மூல எண்களை முழுசாகக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள், அதை யாரும் கேட்டால் கொடுங்கள்.

வைவாவில் யாராவது “ஏம்மா, ரெண்டே டெசிமல்தானா?” என்று கேட்டால் பயப்பட வேண்டாம். “என் செடிங்களுக்கு அதுக்கு மேல தெரியாது சார்” என்று சொல்லுங்கள்.