தனித்தாள்

மறைந்த என் மனைவி மாலையில் விளக்கேற்றியபின் திருஞானசம்பந்தரின் திருவண்ணாமலைப் பதிகங்கள் இரண்டையும் பாடுவது வழக்கம். ஒன்று நட்டபாடைப் பண், மற்றொன்று தக்கேசி. அவற்றைப் பதிவு செய்த ஒலிநாடா பீரோவில் கிடந்தது. அன்பர்கள் பலர் இல்லங்களிலும் இத்தகைய நாடா இருக்கக்கூடும். பொறியியல் படிக்கும் பேரன் சென்ற பௌர்ணமிக்கு வந்தபோது அதனைக் கணினிக்கு மாற்றினான். இசை எழுப்பும் உணர்ச்சியைக் கணினி கண்டறியச் செய்வதே அவனது கல்லூரித் திட்டப்பணி.

அது எவ்வாறு இயலும் என்று கேட்டேன். ஒலியைச் சில மில்லிவினாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் எந்த அதிர்வு எவ்வளவு வலிமையுடன் ஒலிக்கிறது, காலப்பிரமாணம் என்ன என்பனவற்றை எண்களாக்குவார்களாம். பாட்டைக் கேட்ட மனிதர்கள், இது மகிழ்ச்சி, இது சோகம் என்று முன்பே குறித்து வைத்திருப்பார்கள். இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பைக் கணினி பயில்கிறது. 1980-ல் உளவியலறிஞர் ஜேம்ஸ் ரஸ்ஸல் வகுத்த முறைப்படி இன்பம்–துன்பம் ஓர் அச்சு, கிளர்ச்சி–அமைதி மற்றோர் அச்சு. உணர்ச்சி ஒவ்வொன்றும் அந்தக் கட்டத்துள் ஒரு புள்ளி. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றாரே, அவற்றுள் பெருமிதத்தை இதில் எங்கே வைப்பாய் என்றேன். பேரன் சிரித்தான்.

நம் இசையில் கணினி ஆய்வு புதிதன்று. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2011-ல் தொடங்கிய காம்ப்மியூசிக் திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி.யும் பங்கேற்று, ராகங்களை இனங்காணும் வழிகளை ஆராய்ந்தது. ராகத்துக்குச் சரி, தவறு உண்டு. உணர்ச்சிக்கு?

நட்டபாடைப் பதிவை ஓட்டினான். 'மகிழ்ச்சி' என்று விடை வந்தது. அப்பண்ணை இன்று நாட்டை, கம்பீரநாட்டை ராகங்களில் பாடுகிறார்கள், விறுவிறுப்புக்குக் குறைவில்லை. அவளும் மகிழ்ந்தே பாடினாள். ஆகவே கணினி சொன்னது பிழையன்று. நானோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். பாட்டில் தெரியும் உணர்ச்சி வேறு, கேட்பவரிடம் எழும் உணர்ச்சி வேறு என்று ஆய்வாளர்களும் பிரித்தே பேசுகின்றனராம். அவள் நடுவில் ஒருமுறை இருமியதும், பின்னணியில் குக்கர் விசில் எழுந்ததும் என்னை என்ன செய்தன என்பதற்கு எந்த எண்ணை இடுவது?

"தாத்தா, கேட்டவர் என்ற முறையில் உங்கள் குறிப்பையும் சேர்க்க வேண்டும். எதைப் போடட்டும்?" என்றான்.

படிவத்தில் ஒரே கட்டம். வங்கியில் பல ஆண்டுகள் கடன் விண்ணப்பங்களை ஆய்ந்தவன் நான். கட்டத்தில் அடங்காத செய்தி இருந்தால், 'தனித்தாள் இணைக்கப்பட்டுள்ளது' என்று எழுதுவோம். அதையே எழுதச் சொன்னேன்.

"கணினி ஏற்காதே, தாத்தா."

"அப்படியானால் தக்கேசியையும் போடு. கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்றேன்.