விலைக்கு வாங்கும் விமானமும் நம் பிள்ளைகளின் பொத்தான் பெட்டியும்

கொஞ்சம் நீளமான பதிவு. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வர இருப்பவர்கள் இதை வாசித்துவிட்டு வந்தால் நல்லது, அங்கே யாரும் யாரையும் முழுதாகப் பேச விடுவதில்லை.

எங்கள் பாடசாலையின் பழைய களஞ்சிய அறையில் சனிக்கிழமைகளில் பிள்ளைகள் ஒரு பெட்டி செய்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். படம் வட்ஸ்அப்பில் சுற்றியது. ஒரு ஒட்டுப்பலகை, அதில் 25 சுவிட்சுகள், நாலு திருகு குமிழ்கள், பின்பக்கம் காகக் கூடு மாதிரி வயர். கண்ணில் வீஆர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணினியில் விமானம் ஓட்டுவதற்கான பொத்தான் பலகை அது. படத்துக்குக் கீழே வந்த கருத்துகளையும் நாங்கள் வாசித்தோம். "குப்பைப் பெட்டி." "ஓ.எல் வருது, சேர்மாருக்கு கேம் கேக்குது." பிறகு ஒரு ஹாஜியார், நல்ல மனதோடுதான், "எதுக்கு இந்தக் கஷ்டம், முழு செட்டையும் வெளிநாட்டில எடுத்துத் தாறேன், அறைக்கு ஏசியும் போட்டுத் தாறேன்" என்று சொல்லியிருக்கிறார். சங்கத்தில் பலருக்கு வாயெல்லாம் பல். நாங்கள் வேண்டாம் என்றோம். நாங்கள் என்றால் அந்த அறையைச் சனிக்கிழமை திறக்கும் மூன்று ஆசிரியர்கள். அன்றிலிருந்து எங்களுக்குத் திமிர் பிடித்தவர்கள் என்று பெயர்.

ஹாஜியாருக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். ஆனால் ஏன் வேண்டாம் என்கிறோம் என்பதை விளங்கப்படுத்த விடுங்கள்.

முதலில் இந்தப் பெட்டி எதற்கு? வீஆர் கண்ணாடியை மாட்டினால் விமானியின் அறை உங்களைச் சுற்றி வந்துவிடும். மேலே பார்த்தால் மேலே சுவிட்ச், பக்கத்தில் பார்த்தால் இறக்கை. எல்லாம் சரி, உங்கள் சொந்தக் கையும் முன்னால் இருக்கும் கீபோர்டும் மட்டும் தெரியாது. கண்ணைக் கட்டிவிட்ட மாதிரித்தான். எந்தச் சுவிட்சையும் விரல்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் கண்ணாடிக்குள் சுவிட்ச் எந்த இடத்தில் தெரிகிறதோ, மேசையிலும் அதே உயரத்தில் அதே தூரத்தில் ஒரு உண்மையான சுவிட்ச் இருந்தாக வேண்டும். பிள்ளைகள் கதிரையில் இருந்து நூல் பிடித்து அளந்துதான் பலகையில் துளை போட்டார்கள். தொட்டதும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்று சக்கரத்தை இறக்கும் சுவிட்சின் தலையில் உடைந்த விளையாட்டுக் காரின் சில்லு ஒன்றை ஒட்டினான் ஒரு பிள்ளை. அதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் சிரித்தீர்கள்.

1943இல் அமெரிக்க விமானப்படையில் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் ஒழுங்காகத் தரையிறங்கிய பிறகு வயிற்றைத் தேய்த்துக்கொண்டு விழுந்தன. விமானிகள் இறக்கை மடலை மடக்கப் போய்ச் சக்கரத்தை மடக்கிவிட்டார்கள். அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் போய்ப் பார்த்தால், இரண்டுக்கும் ஒரே மாதிரிச் சுவிட்சுகள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றின் தலையில் சின்ன றப்பர் சில்லும் மற்றதில் ஆப்பு வடிவமும் வைக்கச் சொன்னார். இன்றும் பெரிய பயணிகள் விமானங்களில் சக்கரத்து நெம்புகோலின் தலை சில்லு வடிவம்தான். இதைப் பற்றி ஒன்றும் தெரியாத பதினைந்து வயதுப் பிள்ளை, இருட்டில் தடவித் தடவித் தானே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறான். கடையில் வாங்கிய பெனலில் அந்தச் சில்லு ஏற்கனவே இருக்கும். அதனால்தான் அது ஏன் அங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவே மாட்டார்கள்.

இப்போது காசுக் கதை. 2022க்கு முன் 200 ரூபாயாக இருந்த டொலர் இன்று 300 ரூபாய் அளவில். விலை குறைந்த வீஆர் கண்ணாடிகளில் ஒன்றே 299 டொலருக்கு அறிமுகமானது. கணக்கை நீங்களே போடுங்கள், வரியும் கப்பல் கூலியும் தனி. கண்ணாடியை நாங்கள் செய்ய முடியாது, அதைச் சொல்லிவிடுகிறோம். எங்களிடம் இருப்பது பாவித்த கண்ணாடி ஒன்று, முறை வைத்து இருபது நிமிடம்தான், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதே இல்லை. ஆனால் கண்ணாடி வாங்கிவிட்டால் முடியாது. அதற்கு மேல் சுவிட்ச் பெனல் ஒன்று, ரேடியோ பெனல் ஒன்று, கியர் பெனல் ஒன்று என்று கொம்பனிக்காரர்கள் தனித்தனியாக விற்பார்கள், நல்லது எதை எடுத்தாலும் நூறு டொலரைத் தாண்டும். நம் பிள்ளைகளின் பெட்டிக்கு நாங்கள் கையால் போட்ட காசு கலியாண வீட்டு சஹன் நாலைந்தின் செலவு. சுவிட்சுகளில் பாதி பழைய ஓட்டோவிலிருந்தும் படகிலிருந்தும் கழற்றியவை.

படகுச் சுவிட்ச் என்றதும் ஒன்று. உப்புக் காற்றில் சாதாரணச் சுவிட்சின் உள்ளே பச்சை பிடித்துவிடும் என்பது கல்பிட்டிக் கரையில் இருக்கும் எந்த மீன்பிடிக்காரனுக்கும் தெரியும். றப்பர்த் தொப்பி போட்ட சுவிட்சைப் பாருங்கடா என்று சொன்னது எங்கள் மாணவன் ஒருவனின் வாப்பா. வெளிநாட்டுப் பெனலைச் செய்தவருக்கு நம் காற்றைத் தெரியாது.

இனி "கேம்" என்ற குற்றச்சாட்டு.

அந்தப் பெட்டியைத் திறந்து காட்டுகிறோம். உள்ளே புரோ மைக்ரோ என்று விரல் நீளத்தில் ஒரு ஆர்டுயினோ போர்ட். ஆர்டுயினோ 2005இல் இத்தாலியில் இவ்ரேயா என்ற ஊரில் மாணவர்களுக்காக மலிவாக உருவாக்கப்பட்டது. இந்தப் போர்ட்டில் இருக்கும் சிப், யூஎஸ்பியில் செருகியதும் "நான் ஜொய்ஸ்டிக்" என்று கணினிக்குச் சொல்லிக்கொள்ளும், வேறு மென்பொருள் தேவையில்லை. ஆனால் அதில் பாவிக்கக் கூடிய கால்கள் 18தான். 25 சுவிட்சை எப்படிப் பூட்டுவது? பதினோராம் தரக் கணிதத்தில் தாயம் என்று ஒரு பாடம் இருக்கிறதே, நிரை நிரல் என்று மனப்பாடம் செய்துவிட்டு "இது எதுக்கு சேர்" என்று கேட்பார்களே, அதே நிரை நிரலை வயரில் கட்டினார்கள். ஐந்து நிரை, ஐந்து நிரல், சந்திக்கும் 25 இடத்திலும் ஒவ்வொரு சுவிட்ச். 10 கால்கள் போதும். குமிழ் ஒன்றுக்கு இரண்டு கால் வீதம் நாலு குமிழுக்கு எட்டு. பத்தும் எட்டும் பதினெட்டு, ஒரு கால்கூட மிச்சமில்லை. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய பிள்ளை தவணைப் பரீட்சைக் கணிதத்தில் 38 எடுத்தவன்.

பூட்டி முடித்ததும் பேய் வந்தது. செவ்வகத்தின் மூன்று மூலைச் சுவிட்சுகளைப் போட்டால் தொடாத நாலாவது மூலையும் தானாக விழுந்தது. மின்சாரம் சுற்றுவழியால் பின்னோக்கிப் போகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு சனிக்கிழமை எடுத்தது. நாங்கள் வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு டயோட் வைத்து ஒட்டினார்கள். விஞ்ஞானப் புத்தகத்தில் "இருவாயி மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும்" என்று ஒரு வரி வரும், பத்து வருடமாக அதைச் சொல்லிக் கொடுக்கிறோம். இந்த அறையில்தான் முதல் தடவையாக ஒரு பிள்ளை "ஓ, அதுக்கா சேர் இது!" என்று கத்தியதைக் கேட்டோம். அடுத்து, சுவிட்சை ஒரு தடவை போட்டால் சக்கரம் இறங்கி உடனே ஏறியது. உள்ளே இருக்கும் தகடு ஒட்டும்போது சில மில்லிசெக்கன் துள்ளும், கணினி அதை நாலைந்து தட்டாக எண்ணிவிடும். கொஞ்சம் பொறுத்திருந்து எண்ணு என்று நிரலில் எழுத வேண்டும். எழுதினார்கள். வானொலியின் சத்தக் குமிழ் இரண்டு பக்கமும் முட்டி நிற்கும், விமானத்தின் திசைக் குமிழ் முட்டாமல் சுற்ற வேண்டும். அப்படிச் சுற்றும் உறுப்பு பழைய மவுஸ் சில்லுக்குள் இருக்கிறது என்று தேடிப் பிடித்ததும் அவர்கள்தான்.

இதில் எது கேம் என்று சொல்லுங்கள். விமானம் ஓட்டுவது இருபது நிமிடம். அதற்குப் பின்னால் ஆறு மாதம் வேலை. ஹாஜியார் வாங்கித் தரும் செட்டில் அந்த இருபது நிமிடம் அப்படியே கிடைக்கும், ஆறு மாதம் மட்டும் கிடைக்காது. அதாவது கேமை வைத்துக்கொண்டு படிப்பைத் திருப்பி அனுப்பச் சொல்கிறீர்கள்!

விமானப் பயிற்சிக் கருவியின் வரலாறே இந்த மாதிரி ஒரு "குப்பைப் பெட்டி"யில்தான் தொடங்கியது. நியூயோர்க் மாநிலத்தில் பிங்ஹாம்டன் என்ற ஊரில் எட்வின் லிங்க் என்றொருவர், வாப்பாவின் பியானோ, ஆர்கன் தொழிற்சாலையில் கிடந்த காற்றுத் துருத்திகளையும் பம்புகளையும் வைத்து, ஆடி அசையும் சின்ன விமானப் பெட்டி ஒன்றை 1929இல் செய்து முடித்தார். விமானம் ஓட்டப் பழகக் காசு அதிகம், அதனால்தான் செய்தார். யாரும் சட்டை செய்யவில்லை, பொழுதுபோக்குப் பூங்காக்களுக்குத்தான் விற்க முடிந்தது. 1934இல் தபால் விமானங்களை இராணுவம் பொறுப்பெடுத்து, கெட்ட காலநிலையில் விமானிகள் அடுத்தடுத்து இறந்த பிறகுதான் ஆறு பெட்டிகள் வாங்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் அந்தப் பெட்டியில் இருந்து பழகியவர்கள் ஐந்து இலட்சத்துக்கும் மேல். பிங்ஹாம்டனிலும் ஒரு வட்ஸ்அப் குழுமம் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்களோ.

அவ்வளவு தூரம் ஏன்? நம் கல்பிட்டித் தோட்டங்களில் ஓடும் இருசில்லு உழவு யந்திரத்தை லேண்ட்மாஸ்டர் என்கிறோமே, அந்தப் பெயரில் 1950களில் வந்த யந்திரத்தை வடிவமைத்தவர் ரே விஜேவர்த்தன, நம் நாட்டுக்காரர். அவர் தன் கையாலேயே சிறு விமானங்களைக் கட்டித் தானே பறந்தார். 2010இல் காலமானார். உழவு யந்திரமும் விமானமும் ஒரே கையில் இருந்து வந்தன, ஏனென்றால் இரண்டுமே திருகாணியும் பொறுமையும்தான்.

இன்னொன்று, கோபிக்காதீர்கள். இப்னு ஃபிர்னாஸ் பற்றிய பதிவை நீங்களும் பகிர்ந்திருப்பீர்கள், நாங்களும் பகிர்ந்திருக்கிறோம். ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபாவில் இறக்கை கட்டிப் பறக்க முயன்றவர், சந்திரனில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர். மாஷா அல்லாஹ். அல் ஜஸரி 1206இல் யந்திரங்களைச் செய்யும் விதத்தை எழுதி வைத்தார் என்றும் பகிர்வோம். செத்துப்போன முஸ்லிம் கையில் சுத்தியல் இருந்தால் பெருமை, உயிரோடு இருக்கும் நம் பிள்ளை கையில் சோல்டரிங் கோல் இருந்தால் குப்பையா? 1990இல் வடக்கிலிருந்து வெறுங்கையோடு வந்து, கிடுகும் தடியும் வைத்துக் குடில் கட்டி, கிடைத்ததைக் கொண்டு எழும்பிய குடும்பங்கள் எத்தனை இந்த ஊரில். அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகள் கிடைத்ததைக் கொண்டு ஒன்றைச் செய்தால் நாமே சிரிக்கிறோம்.

வாங்கிய சாமானுக்கு நம் பாடசாலைகளில் என்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரியும். திறப்பு விழா, றிபன், படம். பிறகு பூட்டு. "உடைஞ்சா யாரு பொறுப்பு" என்ற ஒரு கேள்வி போதும், பொலித்தீன் உறையோடு அப்படியே இருக்கும். ஒரு பட்டன் வேலை செய்யாவிட்டால் திருத்த ஆளில்லை. நம் பெட்டியில் சுவிட்ச் பழுதானால் ஒன்பதாம் தரப் பிள்ளை கால் மணித்தியாலத்தில் மாற்றுகிறது. உடையலாம் என்ற அனுமதி உள்ள சாமானில்தான் பிள்ளை கை வைக்கும்.

இவர்கள் பைலட் ஆவார்கள் என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டில் ஓட்டும் விமானத்தின் மணித்தியாலங்களை வைத்து யாருக்கும் லைசன்ஸ் கிடைக்காது. ஆனால் நுரைச்சோலையில் 300 மெகாவாட் வீதம் மூன்று யந்திரங்கள் ஓடுகின்றன, மாம்புரிப் பக்கம் காற்றாடிகள் சுற்றுகின்றன. அவற்றின் கட்டுப்பாட்டு அறைகள் சுவிட்சாலும் பெனலாலும் ஆனவை. புகையும் சாம்பலும் நம் பக்கம் வருகிறது, அந்தப் பெனலைத் திறந்து திருத்தும் வேலைக்கு நம் பிள்ளைகள் போக வேண்டாமா? உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்தது 2013இல். இன்னும் "கெட்டிக்காரன்னா சயன்ஸ், இல்லாட்டி டெக்" என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

பெண் பிள்ளைகள் ஏன் அறைக்கு வருகிறார்கள் என்று கேட்டவருக்கும் பதில் உண்டு. வாசல் திறந்திருக்கிறது, ஆசிரியை ஒருவர் முழு நேரமும் இருக்கிறார். 25 டயோடில் ஒன்றைக்கூடத் திசை மாற்றாமல் ஒட்டியது அவர்கள் மேசைதான்.

ஹாஜியாரிடமும் சங்கத்திடமும் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். அந்த அறையைக் களஞ்சியமாக மாற்றும் யோசனையை விட்டுவிடுங்கள். முழு செட்டுக்கு ஒதுக்க நினைத்த காசில் சிறு பங்கு போதும்: ஆறு சோல்டரிங் கோல், இரண்டு மல்டிமீட்டர், புகை வெளியேற ஒரு விசிறி, கால் ஆடாத இரண்டு மேசை. ஏசி வேண்டாம், ஜன்னலைத் திருத்தித் தந்தால் களப்புக் காற்றே போதும். வரவு செலவு எழுதிய கொப்பி அறையிலேயே தொங்குகிறது, யாரும் வந்து பார்க்கலாம்.

மற்றவர்கள் வீட்டில் பழுதான மவுஸ், கேம் கன்ட்ரோலர், பிரிண்டர், கழற்றிய ஓட்டோ சுவிட்ச் இருந்தால் பழைய இரும்புக்காரனுக்குப் போட வேண்டாம். உடைந்த கன்ட்ரோலருக்குள் இருக்கும் போர்டை வைத்தே நிரல் எழுதாமல் பத்துப் பட்டன் பெட்டி ஒன்றைச் செய்யலாம், ஏழாம் தரப் பிள்ளைகளுக்கு அதுதான் முதல் வேலை. சனிக்கிழமை காலை எட்டரையிலிருந்து ளுஹர் வரை அறை திறந்திருக்கும். பின் வாசலால் வாருங்கள், முன் கேட்டின் திறப்பு எங்களிடம் இல்லை.