1815உடன் நின்றுபோன பாதுகாப்பு



யாழ்ப்பாணப் பொது நூலகம், சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிடப் பாணியில் வரைந்த இரண்டு மாடிக் கட்டடம். 1959இல் திறக்கப்பட்டு, 1981 மே 31 இரவு எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. பின்னர் திருத்தி எழுப்பியவர்கள் அந்தப் பழைய முகத்தையே மீட்டார்கள். அதன் அயலிலேயே இந்திய நன்கொடையில் கலாசார மையம் எழுந்தது: 600க்கு மேற்பட்ட இருக்கைகளுடன் அரங்கு, அருங்காட்சியகம், பதினொரு மாடிக் கோபுரம். 2023 பெப்ரவரியில் மக்களிடம் கையளிக்கப்பட்டது.

அரங்கு வடக்குக்கு வேண்டியதே. என் எதிர்ப்பு கோபுரத்தின் உயரத்துக்கு. இரண்டு மாடிக்குப் பக்கத்தில் பதினொரு மாடி நின்றால் எது பெரியது என்பதைக் கண் தானாகவே தீர்மானித்துவிடும். புதிதாகச் சேர்ப்பது பழைய கட்டடத்தின் சூழலையும் அமைப்பின் சமநிலையையும் குலைக்கக் கூடாது என்று 1964இன் வெனிஸ் சாசனம் சொல்கிறது. புதியது பழையதைப் போல வேடம் போட வேண்டியதில்லை. தன் காலத்தைக் காட்டலாம், ஆனால் தணிந்து நிற்க வேண்டும்.

2025 ஜனவரியில் மையத்தின் பெயர் மாற்றப்பட்டபோது 'யாழ்ப்பாணம்' என்ற சொல் விடுபட்டது. எதிர்ப்புக் கிளம்பிய பின்னரே திரும்பி வந்தது. பெயரைத் திருத்த முடிந்தது. மாடிகளைக் குறைக்க முடியாது.

இப்படி நேராமல் காக்க இருக்கும் சட்டமும் போதாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் தானாகக் காப்பது 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றை மட்டுமே. பிந்தியவற்றுக்குத் தனி அறிவித்தல் வேண்டும். 1815 மார்ச் 2 என்பது கண்டி அரசைப் பிரித்தானியரிடம் ஒப்படைத்த கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான நாள். யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது 1619இல். வன்னியின் தலைவன் பண்டாரவன்னியன் கற்சிலைமடுவில் தோற்றது 1803இல். வடக்கின் வரலாற்றோடு ஒட்டாத ஒரு திகதி வடக்கின் கட்டடங்களைப் பிரிக்கிறது. போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் விரித்த பூநகரிக் கோட்டை அதற்குள் அடங்கும். 1936இன் குடியேற்றத் திட்டத்தோடு வளர்ந்த கிளிநொச்சியில் குடியேறியவர்கள் எழுப்பிய எதுவும் அடங்காது. போருக்குத் தப்பிய பழைய பள்ளிக்கூடம், தேவாலயம், வாசிகசாலை எதன் பக்கத்திலும் நாளை எத்தனை மாடி எழுந்தாலும் இந்தச் சட்டம் தானாகத் தடுக்காது.

பழைய கட்டடங்களைக் காக்கும் பொறுப்பைத் தொல்பொருள் திணைக்களத்திடம் மட்டும் விட்டுவிடவும் முடியாது. முல்லைத்தீவின் குருந்தூர்மலையில் எழுந்த காணிச் சர்ச்சைக்குப் பிறகு, அந்தத் திணைக்களத்தின் எல்லைக்கல் என்றாலே காணி போய்விடும் என்ற அச்சம் வன்னியில் இருக்கிறது. அந்த அச்சத்துக்குக் காரணமும் இருக்கிறது. வன்னியின் பிரதேச சபைகளும் வவுனியா மாநகர சபையும் தத்தம் எல்லைக்குள் எஞ்சியுள்ள பழைய பொதுக் கட்டடங்களை இப்போதே பட்டியலிட வேண்டும். அவற்றின் அயலில் எழுபவற்றுக்கு உயர வரம்பு வேண்டும். வரைபடம் அங்கீகரிக்கப்படும் முன், கட்டடம் வரப்போகும் இடத்திலேயே தமிழில் காட்சிக்கு வைக்கப்பட்டு ஆட்சேபம் கேட்கப்பட வேண்டும். அடிக்கல் நாட்டிய பிறகு கேட்பதில் பயனில்லை.

வாசகர்,
கிளிநொச்சி