கண்ணில் கோளாறில்லை

ஆசிரியருக்கு,

உங்கள் இதழில் வந்த பக்கவாதம் பற்றிய கட்டுரையில் கை, கால், பேச்சு எல்லாம் வந்தன. பார்வை ஒரு வரியோடு நின்றுவிட்டது. கண் நன்றாக இருந்தும், மூளைச் சேதத்தால் கண்ட பொருள் இன்னதென்று விளங்காமல் போவதுண்டு. சாவியைப் பார்த்துத் தெரியாதவர், கையில் வாங்கித் தடவியதும் சொல்லிவிடுவார். மனைவியை முகத்தால் தெரியாது, குரலால் தெரியும். வீட்டார் இதை நடிப்பு என்று நினைப்பதுதான் கொடுமை.

1988இல் கார்பன் மோனாக்சைடு நச்சால் மூளை பாதிக்கப்பட்ட 'டி.எஃப்.' என்ற பெண்ணை ஆய்வாளர்கள் குடேலும் மில்னரும் ஆராய்ந்தார்கள். எதிரே இருந்த நீண்ட துளை எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை. அட்டையைக் கொடுத்து அதில் போடச் சொன்னாலோ, கை தானே சரியாகத் திரும்பியது! கோளாறு மூளையில் என்பதால், கண்ணாடியை மாற்றி அதைத் தீர்க்க முடியாது. நரம்பியல் மருத்துவர் ஒருவரை இதற்கெனத் தனியாக எழுதச் சொல்லுங்கள்.

- ஒரு வாசகி, தஞ்சாவூர்