கம்பஸில் இருந்து ஆக்கள் வந்தால்



மாதர் சங்கக் கூட்டங்களில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "கம்பஸில இருந்து ஆக்கள் வந்திருக்கினம். சுகாதாரத் திட்டமாம். சின்னக் காசு ஒண்டு கிடைக்குமாம். சங்கமும் சேந்து கையெழுத்து வைக்க வேணுமாம்." சேருவதா விடுவதா என்று என்னிடமும் சிலர் கேட்டார்கள். இந்த மாதம் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

உங்கள் சலிப்பு எனக்குத் தெரியும். 2009க்குப் பின் மீள்குடியேறிய கிராமங்களுக்குப் படிவத்தோடு எத்தனை பேர் வந்தார்கள்! தகரக் கொட்டிலுக்குள் இருந்துகொண்டு, காணாமற் போனவர்களைப் பற்றியும் நித்திரை வராத இரவுகளைப் பற்றியும் சொன்னோம். எங்கள் ஊரிலும் ஒரு குழு மூன்று நாட்கள் நின்று எழுதிக்கொண்டு போனது. அதில் என்ன கண்டார்கள் என்று இன்றுவரை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. "எங்கட கண்ணீரையும் எழுதிக்கொண்டு போட்டினம்" என்று ஒரு தாய் சொன்னார். அந்தக் கோபம் நியாயமானது. என்றாலும் கதவைச் சாத்துவதற்கு முன் நேபாளத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

மக்வான்பூர் என்பது காத்மண்டுவுக்குத் தெற்கே உள்ள மலைப்பாங்கான மாவட்டம். பிள்ளைப்பேறு பெரும்பாலும் வீட்டிலேயே நடந்த காலம் அது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் சிறுவர் நல ஆய்வாளர்களும் 'மீரா' என்ற நேபாள அமைப்பும் சேர்ந்து 2001இல் அங்கே ஒரு வேலையைத் தொடங்கினார்கள். உள்ளூரைச் சேர்ந்த, எழுத வாசிக்கத் தெரிந்த ஒரு பெண்ணைத் தெரிந்தெடுத்துச் சம்பளம் கொடுத்தார்கள். அவர் தாதியும் இல்லை, மருத்துவமாதும் இல்லை. ஒரு மாதத்தில் ஒன்பது பெண்கள் குழுக்களைக் கூட்டுவது அவருடைய வேலை. படம் போட்ட அட்டைகளை வைத்து, பிரசவத்தில் என்ன நடக்கிறது, பிள்ளை ஏன் சாகிறது என்று பெண்களே பேசினார்கள். எது பெரிய பிரச்சினை, அதற்கு என்ன செய்வது என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். சில குழுக்கள் சேமிப்பு நிதி தொடங்கின. சில, மலைப்பாதையில் தாயைத் தூக்கிச் செல்ல ஸ்ட்ரெச்சர் வைத்தன. சில, சுத்தமான பிரசவத்துக்கு வேண்டிய பொருட்களைப் பொதி செய்து கொடுத்தன.

கணக்குப் பார்க்கும் வேலையைப் படித்தவர்கள் செய்தார்கள். குழுக்கள் கூடிய கிராமங்களில், உயிரோடு பிறந்த 1000 பிள்ளைகளில் முதல் மாதத்துக்குள் இறந்தவை 26. குழுக்கள் இல்லாத கிராமங்களில் 37. இரண்டு பக்கத்திலும் சுகாதார நிலையங்களைத் திருத்திக் கொடுத்திருந்தார்கள். ஆகவே வித்தியாசம் அந்தக் கூட்டங்களில்தான் இருந்தது. 2004இல் 'லான்செட்' மருத்துவ இதழ் இதை வெளியிட்டது.

இந்தியாவில் ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களின் ஆதிவாசிக் கிராமங்களில் 'ஏக்ஜுட்' என்ற அமைப்பும் இதே முறையில் வேலை செய்தது. அங்கே சிசு மரணம் குறைந்தது மட்டுமல்ல, மூன்றாம் ஆண்டில் தாய்மாரின் நடுத்தர அளவான மனச்சோர்வும் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. அதற்கென்று மருந்தோ தனி ஆலோசனையோ கொடுக்கப்படவில்லை. நான் இதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஏன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எல்லா இடத்திலும் சரிவரவும் இல்லை. பங்களாதேஷில் முதலில் செய்தபோது பெரிய பலன் கிடைக்கவில்லை. அங்கே ஏறக்குறைய 1,400 பேருக்கு ஒரு குழு. ஜார்க்கண்ட் பக்கத்தில் 500 பேருக்கும் குறைவாக ஒரு குழு. கூட்டத்துக்கு வந்த கர்ப்பிணிகளும் சிலரே. அள்ளித் தெளித்தாற்போல் செய்தால் ஒன்றும் முளைக்காது. ஆகவே கையில் இருப்பது சின்னக் காசு என்றால் முழுப் பிரதேசத்தையும் அளக்கப் போகாமல், இரண்டு கிராமத்தில் நெருக்கமாகச் செய்யச் சொல்லுங்கள்.

எங்கள் பிரச்சினை வேறு என்பது உண்மைதான். இங்கே குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருகிறார், பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. எங்களுக்குச் சீனி வருத்தம், உடம்புக்குள் இருக்கும் செல் துண்டு, குடி, தனியே பிள்ளை வளர்க்கும் பாரம். இதில் எது முதலில் என்று யார் சொல்வது? பல படிவங்களில் பிரச்சினையின் பெயர் முன்பே அச்சடிக்கப்பட்டு வருகிறது. சங்கத்துக்குக் கையெழுத்து வைக்கும் இடம் மட்டும்தான் மிச்சம். அப்படி வந்தால், "முதல் இரண்டு கூட்டத்தில் நாங்கள் பேசி முடிவெடுக்கிறோம், அதன் பிறகு எழுதுங்கோ" என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்கள், ஊர் அமைப்பும் பல்கலைக்கழக ஆசிரியரும் சம பொறுப்பாளர்களாக விண்ணப்பித்தால்தான் இத்தகைய சிறு நிதியைக் கொடுக்கின்றன.

அடுத்தது காசு. கூட்டம் நடத்தும் பெண்ணுக்குக் கொடுப்பனவு, பஸ் காசு, தேநீர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவருக்கு ஒரு தொகை, இவை எல்லாம் வரவுசெலவுப் பட்டியலில் எழுதப்பட வேண்டும். தோட்டக் கூலியை விட்டுவிட்டு வருகிறவளைத் "தொண்டர்" என்று அழைத்துவிட்டால் அவளுடைய அடுப்பு எரியுமா? காசு பல்கலைக்கழகக் கணக்குக்குப் போவதென்றால் முற்பணம் கேளுங்கள். பற்றுச்சீட்டுக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கச் சங்கத்தால் முடியாது.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடலாம். இடையில் எழுந்து போகலாம். அதனால் எந்த உதவியும் நிற்கக் கூடாது. நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று கேட்பதும் உங்கள் உரிமை. பேசும்போது ஒருத்தி உடைந்து அழுதால் யாரைக் கூப்பிடுவது, ஆஸ்பத்திரி உளநலப் பிரிவுக்கு யார் கூட்டிக்கொண்டு போவது என்பதை முதலே பேசி வையுங்கள். ஒலிப்பதிவு செய்தால் அது யாருடைய கையில் இருக்கும் என்றும் கேளுங்கள்.

கடைசியாக, முடிவுகளைச் சங்க மண்டபத்தில் தமிழில் சொல்லும் கூட்டத்தை ஒப்பந்தத்திலேயே எழுதுவியுங்கள். திகதியையும் போடச் சொல்லுங்கள்.